ஒரு கடிதத்தில் பிறந்த விமானம்: ‘டகோட்டா’வைத் தந்த டொனால்டு டக்ளஸின் கதை

சென்னையிலிருந்து கோவைக்கோ, பெங்களூருவுக்கோ விமானத்தில் போகிறீர்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் இறக்கையில் ஓர் இன்ஜின். எதிர்ப்பக்க இறக்கையில் இன்னொன்று. ஓடுபாதையில் முழு வேகத்தில் ஓடி, மேலே எழும்பும் அந்த நொடியில் ஓர் இன்ஜின் நின்றுபோனால் என்ன ஆகும்?

ஒன்றும் ஆகாது. மிச்சமிருக்கும் ஒற்றை இன்ஜினை வைத்துக்கொண்டு விமானம் மேலே ஏறும், திரும்பி வந்து பத்திரமாக இறங்கும். இன்றைய பயணிகள் விமானங்கள் எல்லாமே இப்படித்தான் வடிவமைக்கப்படுகின்றன. இதை நாம் யோசித்துப் பார்ப்பதுகூட இல்லை.

ஆனால், 1932-ல் இப்படி ஒரு விமானம் உலகத்தில் கிடையாது. அப்படி ஒன்றைச் செய்து தர முடியுமா என்று கேட்டபோது, அந்தக் கம்பெனியின் தலைமைப் பொறியாளர்களுக்கே முழு நம்பிக்கை வரவில்லை. இருந்தாலும் சரி என்று தலையாட்டினார் ஒருவர். அவர் பெயர் டொனால்டு வில்ஸ் டக்ளஸ். அந்த ஒரு தலையாட்டலில் இருந்துதான் டிசி-3 பிறந்தது. நம் தாத்தா, பாட்டி காலத்தில் ‘டகோட்டா’ என்று அழைக்கப்பட்ட அதே விமானம்.

அவர் ஜெயித்த விதமும், கடைசியில் கம்பெனியை இழந்த விதமும் இன்றைக்கு வேலையிலும் தொழிலிலும் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

யார் இந்த டக்ளஸ்?

1892 ஏப்ரல் 6-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர் டக்ளஸ். அப்பா வங்கியில் வேலை பார்த்தவர். பையனுக்குக் கடல் மேல் ஆசை, அதனால் கடற்படை அதிகாரி ஆக வேண்டும் என்பது திட்டம்.

ஆனால், பள்ளிப் பருவத்தில் ஒரு சம்பவம் நடந்தது. வர்ஜீனியா மாநிலத்தின் ஃபோர்ட் மையர் ராணுவ மைதானத்தில் ஆர்வில் ரைட் தன் விமானத்தை ராணுவத்துக்கு ஓட்டிக் காட்டினார். கூட்டத்தில் நின்று அதைப் பார்த்தவர்களில் டக்ளஸும் ஒருவர். மரமும் துணியும் சேர்ந்த அந்தப் பொருள் காற்றில் மிதந்ததைப் பார்த்த பிறகு, அவருடைய மனம் கடலிலிருந்து வானத்துக்குத் தாவிவிட்டது.

1909-ல் அனாபொலிஸில் இருக்கும் கடற்படை அகாடமியில் சேர்ந்தார். மூன்று ஆண்டுகள் கழித்து, படிப்பை முடிக்காமலேயே வெளியே வந்தார். அடுத்துப் போனது மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்துக்கு. நான்கு வருடப் பொறியியல் படிப்பை இரண்டே வருடங்களில் முடித்து, 1914-ல் பட்டம் வாங்கினார். 1915-ல், 23 வயதிலேயே, கிளென் மார்ட்டின் விமானக் கம்பெனியில் தலைமைப் பொறியாளர். முதல் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில் அவர் அங்கே வடிவமைத்த குண்டுவீச்சு விமானத்துக்கு இரண்டு இன்ஜின்கள். பின்னாளில் அவருக்குப் பெயர் வாங்கித் தந்ததும் இரட்டை இன்ஜின்தான்.

சலூனுக்குப் பின்னால் ஓர் ஆபீஸ்

நல்ல வேலை, நல்ல சம்பளம். 1920-ல் அதை விட்டுவிட்டு, மனைவி குழந்தைகளோடு கலிபோர்னியாவுக்குக் கிளம்பினார் டக்ளஸ். கையில் இருந்தது 600 டாலர். சொந்தமாக விமானம் கட்ட வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு சலூனின் பின்பக்க அறைதான் அவருடைய முதல் ஆபீஸ். இன்றைய ஸ்டார்ட்அப் பாஷையில் சொன்னால், முதல் முதலீட்டாளராக வந்தவர் டேவிட் டேவிஸ் என்ற பணக்கார இளைஞர். அவர் போட்ட பணம் 40 ஆயிரம் டாலர். அவருக்கு ஒரே கனவு: அமெரிக்காவை ஒரு கரையிலிருந்து மறு கரை வரை, எங்கேயும் இறங்காமல் பறந்து கடக்கும் முதல் ஆளாக வேண்டும்.

அதற்காக உருவான விமானம் ‘கிளவுட்ஸ்டர்’. தன் சொந்த எடையைவிட அதிகமான சுமையைத் தூக்கிய முதல் விமானம் என்ற பெயர் இதற்கு உண்டு. 1921 ஜூனில் பயணம் தொடங்கியது. டெக்சாஸின் எல் பாசோ அருகே இன்ஜின் நின்றுவிட்டது. கீழே இறங்க வேண்டியதாயிற்று. மறு முயற்சிக்கு முன்பே டேவிஸுக்கு ஆர்வம் போய்விட்டது, ஒதுங்கிக்கொண்டார்.

டக்ளஸ் அசரவில்லை. அதே விமானத்தின் அனுபவத்தை வைத்துக் கடற்படைக்கு டார்பிடோ வீசும் விமானம் ஒன்றை வடிவமைத்தார். ஆர்டர் கிடைத்தது. ஆனால், வேலையைத் தொடங்கக் கையில் காசு இல்லை. லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் நாளிதழின் அதிபர் ஹாரி சாண்ட்லர் ஊர்ப் பெரிய மனிதர்களைச் சேர்த்து 15 ஆயிரம் டாலர் கடனுக்கு வழி செய்து கொடுத்தார். சான்டா மோனிகாவில் மூடிக் கிடந்த ஒரு சினிமா ஸ்டூடியோவில் தொழிற்சாலை தொடங்கியது.

உலகைச் சுற்றிய நான்கு விமானங்கள்

1924-ல் அமெரிக்க ராணுவம் ஒரு முடிவெடுத்தது. உலகத்தை விமானத்தில் சுற்றி வர வேண்டும். அதற்குத் தேர்வானவை டக்ளஸின் விமானங்கள். ஏப்ரல் 6-ம் தேதி, டக்ளஸின் 32-வது பிறந்தநாளில், சியாட்டிலில் இருந்து நான்கு விமானங்கள் கிளம்பின. ஒன்று அலாஸ்கா மலையில் மோதியது. இன்னொன்று வட அட்லாண்டிக்கில் மூழ்கியது. இரண்டு விமானக் குழுவினரும் உயிர் தப்பினார்கள். மீதி இரண்டு விமானங்கள் 175 நாட்களுக்குப் பிறகு, செப்டம்பர் 28-ல் சியாட்டிலுக்குத் திரும்பி வந்தன. வழியில் கொல்கத்தாவில் இறங்கி, தண்ணீரில் மிதக்கும் மிதவைகளைக் கழற்றிவிட்டுச் சக்கரங்களை மாட்டிக்கொண்டு வட இந்தியாவைக் கடந்தன.

விமானத்தில் உலகம் சுற்றியது அதுதான் முதல் முறை. டக்ளஸ் என்ற பெயர் உலகம் முழுக்கத் தெரிந்தது. ஆனாலும், அடுத்த எட்டு வருடங்களுக்கு அவருடைய முக்கிய வாடிக்கையாளர்கள் ராணுவமும் கடற்படையும்தான். பயணிகள் விமானம் கட்டுவதில் காசு பார்க்க முடியும் என்று அவர் நம்பவில்லை.

ஒரு விபத்தும் ஒரு கடிதமும்

அன்றைய பயணிகள் விமானங்கள் எப்படி இருந்தன? மூன்று இன்ஜின், காதைக் கிழிக்கும் சத்தம், கைகால் நடுங்கும் அதிர்வு. பல விமானங்களின் இறக்கைகள் மரத்தால் ஆனவை.

1931 மார்ச் 31-ல் கன்சாஸ் மாநிலத்தில் அப்படி ஒரு விமானம் விழுந்து எட்டுப் பேர் இறந்தார்கள். டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் ஃபாக்கர் ரக விமானம் அது. இறந்தவர்களில் ஒருவர் நூட் ராக்னி. அமெரிக்கக் கால்பந்து உலகின் மிகப் பிரபலமான பயிற்சியாளர். நாடே அதிர்ந்தது. ஈரம் புகுந்து மர இறக்கை பலவீனமாகியிருந்தது என்பது விசாரணையில் தெரிய வந்தது. மர இறக்கை விமானங்களை அடிக்கடி பிரித்துச் சோதிக்க வேண்டும் என்று அரசு கெடுபிடி செய்தது. மர விமானங்களின் காலம் அத்தோடு முடிந்தது.

அடுத்து என்ன? போயிங் நிறுவனம் முழுக்க உலோகத்தால் ஆன, இரட்டை இன்ஜின் கொண்ட ‘247’ என்ற விமானத்தைக் கட்டிக்கொண்டிருந்தது. நவீனப் பயணிகள் விமானம் என்று சொல்லத்தக்க முதல் விமானம். டி.டபிள்யூ.ஏ.வும் அதை வாங்க ஆசைப்பட்டது. ஆனால், முதல் 60 விமானங்களும் யுனைடெட் நிறுவனத்துக்குத்தான் என்று போயிங் சொல்லிவிட்டது. காரணம், அப்போது போயிங்கும் யுனைடெட்டும் ஒரே குழுமத்தின் கீழ் இருந்தன. போட்டிக்காரன் வரிசையில் நிற்கட்டும் என்பதுதான் அதன் பொருள்.

டி.டபிள்யூ.ஏ.வின் ஜாக் ஃபிரை வரிசையில் நிற்கத் தயாராக இல்லை. 1932 ஆகஸ்ட் 2-ம் தேதி, விமானம் கட்டும் சில கம்பெனிகளுக்கு ஒரு சின்னக் கடிதம் அனுப்பினார். முழு உலோக விமானம் வேண்டும். மூன்று இன்ஜின். குறைந்தது 12 பயணிகள். ஒரே மூச்சில் சுமார் 1,740 கி.மீ. பறக்க வேண்டும். எவ்வளவு காலத்தில் செய்து தர முடியும்?

அந்தக் கடிதம் வந்தபோது டக்ளஸ் என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? அதே மாதம் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த ஒலிம்பிக்கில் பாய்மரப் படகுப் போட்டியில் கலந்துகொண்டார். ஆறு மீட்டர் பிரிவில் அமெரிக்க அணிக்கு வெள்ளிப் பதக்கம். அந்த அணியில் அவரும் ஒருவர்.

ஒற்றை இன்ஜின் சவால்

பொருளாதாரப் பெருமந்தத்தின் உச்சக்கட்டம் அது. ராணுவ ஆர்டர்கள் குறைந்துகொண்டே வந்தன. டக்ளஸ் அந்தக் கடிதத்தைத் தன் முக்கியப் பொறியாளர்களான டச்சு கிண்டல்பெர்கர், ஆர்தர் ரேமண்ட் ஆகியோரிடம் கொடுத்தார். அவர்கள் விவாதித்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். மூன்று இன்ஜின் எதற்கு? புதிய, சக்திமிக்க இன்ஜின்கள் வந்துவிட்டன. இரண்டே போதும். மூக்கில் இன்ஜின் இல்லாவிட்டால் சத்தமும் புகையும் அதிர்வும் குறையும்.

ரேமண்ட் ரயிலில் நியூயார்க் போனார். டி.டபிள்யூ.ஏ.வின் தொழில்நுட்ப ஆலோசகர் யார் என்றால், அட்லாண்டிக் கடலைத் தனியாக விமானத்தில் கடந்த சார்லஸ் லிண்ட்பெர்க். அவர் ஒரு நிபந்தனை போட்டார். இரண்டு இன்ஜின் என்றால் சரி. ஆனால், டி.டபிள்யூ.ஏ. பயன்படுத்தும் எந்த விமானத்தளத்திலிருந்தும், முழுச் சுமையோடு, ஓர் இன்ஜின் நின்றுபோனாலும் விமானம் மேலே எழும்ப வேண்டும். வழியிலுள்ள மலைகளைத் தாண்டவும் வேண்டும்.

இந்த நிபந்தனை ஏன் கடினம்? டி.டபிள்யூ.ஏ.வின் சில தளங்கள் மேட்டு நிலங்களில் இருந்தன. உயரம் கூடக்கூடக் காற்றின் அடர்த்தி குறையும். காற்று குறைந்தால் இறக்கைக்குத் தூக்கும் சக்தி குறையும், இன்ஜினின் பலமும் குறையும். இதில் பாதி இன்ஜினோடு எழும்ப வேண்டும் என்றால் எப்படி? ரேமண்ட் கணக்குப் போட்டுப் பார்த்தார். 90 சதவீதம் முடியும் என்று தோன்றியது. மீதி 10 சதவீதம் தன் தூக்கத்தைக் கெடுப்பதாக ஊரிலிருந்த டக்ளஸிடம் அவர் சொன்னதாகக் கூறுவார்கள். டக்ளஸ் ஒப்புக்கொள்ளச் சொல்லிவிட்டார். செப்டம்பர் 20-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. முதல் விமானத்துக்கு விலை 1,25,000 டாலர். பிடித்திருந்தால் மேலும் 60 வாங்க டி.டபிள்யூ.ஏ.வுக்கு உரிமை.

ஊர் திரும்பும்போது ரேமண்ட் ஒரு பழைய மூன்று இன்ஜின் ஃபோர்டு விமானத்தில் பயணம் செய்தார். காதில் பஞ்சை அடைத்துக்கொள்ள வேண்டிய சத்தம், விடாத அதிர்வு. கலிபோர்னியா வந்து சேர்ந்தபோது அவருக்கு ஒரு விஷயம் தெளிவாகிவிட்டது. வேகமும் பாதுகாப்பும் மட்டும் போதாது. உள்ளே உட்கார்ந்திருப்பவர் சௌகரியமாக உணர வேண்டும். போயிங் 247-ல் இறக்கையைத் தாங்கும் உத்தரம் பயணிகள் அறையின் குறுக்கே ஓடியது. நடப்பவர்கள் அதைத் தாண்டிப் போக வேண்டும். டக்ளஸ் குழு உத்தரத்தைத் தரைக்குக் கீழே வைத்தது. ஒருவர் நிமிர்ந்து நடக்கலாம்.

மேலே ஏறியதும் நின்ற இன்ஜின்கள்

1933 ஜூலை 1. சான்டா மோனிகா விமானத்தளம். டிசி-1 முதல்முறையாகப் பறக்கப்போகிறது. டிசி என்றால் ‘டக்ளஸ் கமர்ஷியல்’. விமானி கார்ல் கவர்.

விமானம் எழும்பியது. மூக்கை மேலே தூக்கியதும் ஓர் இன்ஜின் தடுமாறி நின்றது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்றும். கீழே நின்றவர்கள் உறைந்துபோனார்கள். கவர் மூக்கைத் தாழ்த்தினார், இன்ஜின்கள் உயிர்பெற்றன. மீண்டும் தூக்கினார், மறுபடி நின்றன. இப்படியே கொஞ்சம் கொஞ்சமாக உயரம் சேர்த்து, வளைந்து வந்து, பத்திரமாக இறக்கிவிட்டார். கார்புரேட்டருக்குள் இருக்கும் மிதவைகள் பொருத்தப்பட்ட விதம்தான் கோளாறு. விமானம் மேல்நோக்கிச் சாய்ந்தால் எரிபொருள் வரத்து நின்றுவிடும். சின்னத் தவறு, உயிரைக் குடித்திருக்கக்கூடிய தவறு.

அந்த வருடம் செப்டம்பரில் உண்மையான பரீட்சை வந்தது. அரிசோனாவின் வின்ஸ்லோ தளம், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். முழுச் சுமையோடு ஓடுபாதையில் ஓடிய விமானத்தின் ஓர் இன்ஜின் வேண்டுமென்றே அணைக்கப்பட்டது. டிசி-1 எழும்பியது. ஒற்றை இன்ஜினிலேயே மலைகளைத் தாண்டி நியூ மெக்சிகோவின் அல்புகர்க்கியில் போய் இறங்கியது. 350 கி.மீ.க்கு மேற்பட்ட தூரம். ரேமண்டின் தூக்கத்தைக் கெடுத்த 10 சதவீதத்துக்கு அன்று பதில் கிடைத்தது.

வியாபாரக் கணக்கில் மட்டும் பெரிய ஓட்டை. டிசி-1-ஐ உருவாக்க ஆன செலவு 3 லட்சம் டாலருக்கு மேல். வாங்கிய விலையோ அதில் பாதிகூட இல்லை. கட்டியதும் ஒன்றே ஒன்றுதான். ஆனால், அதைக் கொஞ்சம் நீட்டி, 14 இருக்கைகளோடு 1934 மே மாதம் வந்த டிசி-2 சுமார் 200 விற்றது. போட்ட காசு திரும்பி வந்தது. ஜாக் ஃபிரையின் கடிதத்தை டிசி விமானங்களின் பிறப்புச் சான்றிதழ் என்று பின்னாளில் குறிப்பிட்டார் டக்ளஸ்.

கார் விளக்குகளில் இறங்கிய விமானம்

1934 அக்டோபரில் லண்டனிலிருந்து மெல்போர்னுக்கு ஒரு விமானப் பந்தயம் நடந்தது. பாக்தாத், அலகாபாத், சிங்கப்பூர் வழியாகப் போக வேண்டும். பந்தயத்துக்கென்றே செய்யப்பட்ட விமானங்களுக்கு நடுவே, டச்சு நிறுவனமான கே.எல்.எம். ஒரு சாதாரண டிசி-2-ஐ அனுப்பியது. பெயர் ‘ஆவ்வர்’. டச்சு மொழியில் நாரை. உள்ளே பயணிகளும் தபால் மூட்டைகளும்.

கடைசிக் கட்டத்தில், ஆஸ்திரேலியாவில் இடி மின்னலில் சிக்கி வழி தவறியது விமானம். கீழே ஆல்பரி என்ற சிறு ஊர். இரவில் தலைக்கு மேல் வட்டமிடும் சத்தம் கேட்ட ஊர்க்காரர்கள், தெருவிளக்குகளை அணைத்து அணைத்துப் போட்டு மோர்ஸ் குறியீட்டில் ஊர்ப் பெயரைச் சொன்னார்கள். கார் வைத்திருப்பவர்கள் எல்லாரும் குதிரைப் பந்தய மைதானத்துக்கு வரச்சொல்லி வானொலியில் அறிவிப்பு. வரிசையாக நின்ற கார்களின் ஹெட்லைட் வெளிச்சத்தில் விமானம் இறங்கியது. மறுநாள் காலையில் சேற்றில் புதைந்த விமானத்தை ஊரே சேர்ந்து கயிறு கட்டி இழுத்து வெளியே எடுத்தது.

இத்தனைக்கும் பிறகு டிசி-2 இரண்டாவதாக வந்தது. மூன்றாவது இடம் போயிங் 247-க்கு. பயணிகளை ஏற்றிக்கொண்டு வந்த ஒரு விமானம் பந்தய விமானங்களை விரட்டியதைப் பார்த்து ஐரோப்பா அசந்துபோனது.

படுக்கை கேட்டார், சரித்திரம் கிடைத்தது

அடுத்த திருப்பம் ஒரு ஃபோன் காலில் வந்தது. பேசியவர் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தலைவர் சி.ஆர்.ஸ்மித். ரயிலில் இருப்பதுபோலப் படுத்துத் தூங்கிக்கொண்டே போகும் விமானம் வேண்டும். டிசி-2-ஐ அகலப்படுத்தித் தர முடியுமா?

டக்ளஸுக்கு இஷ்டமில்லை. டிசி-2 நன்றாக விற்கிறது, ஆர்டர்கள் குவிந்து கிடக்கின்றன. ராத்திரியில் விமானத்தில் தூங்க யார் வருவார்கள் என்பது அவருடைய சந்தேகம். நீண்ட நேரம் பேசிப் பேசி ஸ்மித் அவரைச் சம்மதிக்க வைத்தார். 20 விமானங்கள் வாங்கிக்கொள்வதாகவும் வாக்குக் கொடுத்தார். அந்த நேரத்தில் அதற்கான பணம் ஸ்மித்திடம் இல்லை. பிறகு அரசுக் கடன் வாங்கித்தான் சமாளித்தார்.

14 படுக்கைகள் கொண்ட அந்த விமானம் 1935 டிசம்பர் 17-ல் முதல்முறை பறந்தது. ரைட் சகோதரர்கள் பறந்து சரியாக 32 ஆண்டுகள். படுக்கைகளை எடுத்துவிட்டு இருக்கைகள் போட்டபோது 21 பேர் உட்கார முடிந்தது. அதுதான் டிசி-3.

இங்கேதான் விஷயமே இருக்கிறது. அதுவரை ஏர்லைன்கள் உயிர் வாழ்ந்தது அரசு தந்த தபால் காசில். பயணிகள் கொசுறு. டிசி-2-ஐவிடப் பாதி மடங்கு அதிகமான ஆட்களை ஏற்றிய டிசி-3-க்கு, ஓட்டும் செலவு கொஞ்சம்தான் கூடியது. இதனால் தபால் காசை நம்பாமல், டிக்கெட் விற்றே லாபம் பார்க்க முடிந்தது. ஸ்மித்தே பின்னாளில் இதை ஒப்புக்கொண்டார். விமானப் பயணம் தனிக்காலில் நிற்கும் தொழிலாக மாறியதில் இந்த விமானத்துக்குப் பெரிய பங்கு உண்டு. போயிங் 247 முதலில் வந்தது. ஆனால் அதன் விற்பனை நூறைக்கூடத் தொடவில்லை.

போர் வந்தது, பெயர் மாறியது

இரண்டாம் உலகப் போரில் டிசி-3-க்குப் பெரிய கதவும் பலமான தரையும் பொருத்தி ‘சி-47’ என்று ராணுவம் எடுத்துக்கொண்டது. பிரிட்டிஷார் வைத்த பெயர் ‘டகோட்டா’. 10 ஆயிரத்துக்கும் மேல் கட்டப்பட்டன. சோவியத் யூனியன் உரிமம் வாங்கித் தன் பங்குக்குக் கட்டியது. போருக்கு முன்பே உரிமம் வாங்கியிருந்த ஜப்பானும் கட்டியது. அதாவது, எதிரெதிரே நின்ற இரண்டு தரப்பும் ஒரே விமானத்தில் பறந்தன.

1944 ஜூனில் நார்மண்டியில் நேச நாட்டுப் படைகள் தரையிறங்கியபோது, பாராசூட் வீரர்களைச் சுமந்து இரவில் பறந்தவை இவைதான். அசாமிலிருந்து இமயமலையைத் தாண்டிச் சீனாவுக்குச் சரக்கு கொண்டுபோனதிலும் இவற்றுக்குப் பங்குண்டு. போரை ஜெயிக்க உதவிய கருவிகள் என்று ஐசன்ஹோவர் குறிப்பிட்டவற்றில் ஜீப், புல்டோசர் ஆகியவற்றோடு இந்த விமானமும் இருந்தது.

சலூனின் பின்னறையில் தொடங்கிய கம்பெனியில் போர்க்காலத்தில் ஒரு லட்சத்து 60 ஆயிரம் பேர் வரை வேலை பார்த்தார்கள். அதில் பெண்கள் ஏராளம். எதிரி விமானங்களின் கண்ணில் படாமல் இருக்க, சான்டா மோனிகா தொழிற்சாலையின் கூரைக்கு மேல் கம்பி வலை விரித்து, பொய் வீடுகளும் பொய் மரங்களும் வைத்து ஒரு குடியிருப்புபோலவே மாற்றியிருந்தார்கள்.

நம் வானில் டகோட்டா

போர் முடிந்ததும் ஆயிரக்கணக்கான டகோட்டாக்கள் உபரியாகி, மலிவு விலைக்கு வந்தன. புதிதாகச் சுதந்திரம் பெற்ற நாடுகளின் விமான சேவை பலவும் இவற்றைக் கொண்டுதான் தொடங்கியது.

1947 அக்டோபர் 27-ம் தேதி காலை, ஸ்ரீநகரில் இந்தியப் படையின் முதல் வீரர்களை இறக்கியவை டகோட்டாக்கள். அதே ஆண்டு டிசம்பர் 10-ல் ஏர் சிலோனின் முதல் விமானம் கொழும்பு ரத்மலானையிலிருந்து கிளம்பி, யாழ்ப்பாணத்தின் காங்கேசன்துறை வழியாகச் சென்னை வந்து சேர்ந்தது. அதுவும் டகோட்டாதான். 1949-ல் தொடங்கிய இரவுத் தபால் சேவையில் சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தாவிலிருந்து கிளம்பும் விமானங்கள் நள்ளிரவில் நாக்பூரில் சந்தித்து, தபால் மூட்டைகளை மாற்றிக்கொண்டு விடிவதற்குள் ஊர் திரும்பும். 1953-ல் எட்டுத் தனியார் கம்பெனிகளை இணைத்து இந்தியன் ஏர்லைன்ஸ் உருவானபோது, கையிலிருந்த 99 விமானங்களில் 74 டிசி-3 ரகம்.

ஏன் இவ்வளவு காலம் உழைத்தது? அதன் இறக்கை பல சிறு அறைகளாகப் பிரித்துக் கட்டப்பட்டது. ஓரிடத்தில் அடிபட்டாலும் மற்ற பகுதிகள் சுமையைத் தாங்கும். உள்ளே காற்றழுத்தம் ஏற்றுவது கிடையாது. அதனால் ஒவ்வொரு பயணத்திலும் உடற்பகுதி ஊதி ஊதிச் சுருங்கிக் களைத்துப்போகும் பிரச்சினையும் இல்லை. புல்தரையிலும் இறங்கும், பழுது பார்ப்பதும் சுலபம்.

இந்த உழைப்பே டக்ளஸுக்குத் தலைவலியானது. 1949-ல் அவர் ‘சூப்பர் டிசி-3’ என்று மேம்படுத்திய விமானத்தைக் கொண்டுவந்தார். ஏர்லைன்கள் வாங்கவில்லை. பழைய டகோட்டா மலிவாகக் கிடைக்கும்போது புதிதுக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்? தன் விமானத்தோடு தானே போட்டி போட்டுத் தோற்றார் மனுஷர்.

அதே காத்திருப்பு, வேறு முடிவு

1950-களின் தொடக்கம். டிசி-4, டிசி-6, டிசி-7 என்று நான்கு இன்ஜின் விமானங்கள் உலகெங்கும் பறந்தன. பயணிகள் விமானம் என்றாலே டக்ளஸ்தான்.

அப்போது ஜெட் வந்தது. 1952-ல் பிரிட்டனின் ‘காமெட்’ சேவையைத் தொடங்கியது. 1954-ல் அடுத்தடுத்த விபத்துகளால் நிறுத்தப்பட்டது. டக்ளஸ் பொறுத்துப் பார்க்கலாம் என்று நினைத்தார். புரொப்பெல்லர் விமானங்கள் இன்னும் விற்றுக்கொண்டிருந்தன. 1933-ல் போயிங்கை முன்னால் போகவிட்டு, அதன் குறைகளைப் பார்த்துத் திருத்தி ஜெயித்தவர் அல்லவா? இப்போதும் அதே வழி சரியாக இருக்கும் என்று தோன்றியதில் ஆச்சரியமில்லை.

ஆனால், போயிங் இந்த முறை வேறு மாதிரி ஆடியது. சொந்தக் காசு 1.6 கோடி டாலரைப் போட்டு, எந்த ஆர்டரும் இல்லாமலேயே ஒரு ஜெட்டைக் கட்டி, 1954 ஜூலையில் பறக்கவிட்டது. விமானப்படையின் எரிபொருள் நிரப்பும் விமான ஆர்டரும் அதற்கே போனது. டக்ளஸ் டிசி-8 ஜெட்டை அறிவித்தது 1955 ஜூனில்தான்.

சுவாரசியம் என்னவென்றால், வாடிக்கையாளர்கள் அப்போதும் டக்ளஸைத்தான் நம்பினார்கள். 1955 அக்டோபரில் பான் ஆம் நிறுவனம் பறந்து காட்டிய போயிங்கில் 20 வாங்கியது. காகிதத்தில் மட்டுமே இருந்த டிசி-8-ல் 25 வாங்கியது. போயிங் அதைப் பார்த்துச் சும்மா இருக்கவில்லை. தன் விமானத்தின் உடலை அகலப்படுத்தியது. வாடிக்கையாளர் கேட்டதைக் கேட்டபடி செய்து தந்தது. இருபது வருடங்களுக்கு முன் டக்ளஸ் செய்ததும் அதுதான்.

போயிங் 707 சேவைக்கு வந்தது 1958 அக்டோபரில். டிசி-8 வந்தது 1959 செப்டம்பரில். நல்ல விமானம்தான், ஆனால் அந்தப் பதினொரு மாதங்களில் சந்தை கைமாறத் தொடங்கிவிட்டது. 1959, 1960 இரண்டு வருடங்களும் கம்பெனிக்கு நஷ்டம்.

இதற்கிடையே 1957-ல் தலைவர் பொறுப்பை மகன் டொனால்டு டக்ளஸ் ஜூனியரிடம் கொடுத்திருந்தார். 1965-ல் பறந்த சிறிய ஜெட் டிசி-9-க்கு ஆர்டர்கள் கொட்டின. கொட்டியதுதான் பிரச்சினை. வியட்நாம் போரால் இன்ஜின்களும் உதிரிபாகங்களும் தாமதமாயின. தேர்ந்த தொழிலாளர்கள் கிடைக்கவில்லை. விமானங்கள் முடியாமல் தேங்கின. கொடுத்த விலையைவிடக் கட்டும் செலவு கூடியது. ஆர்டர் புத்தகம் நிறைந்திருந்தும் 1966-ல் வங்கிகள் கைவிரித்தன. 1967 ஏப்ரலில் செயின்ட் லூயிஸைச் சேர்ந்த, போர் விமானங்கள் கட்டும் மெக்டொனல் கம்பெனியோடு டக்ளஸ் இணைக்கப்பட்டது. கட்டுப்பாடு மெக்டொனல் கைக்குப் போனது. நிறுவனருக்குக் கிடைத்தது கௌரவத் தலைவர் பதவி.

1981 பிப்ரவரி 1-ம் தேதி, கலிபோர்னியாவின் பாம் ஸ்பிரிங்ஸில் 88-வது வயதில் டக்ளஸ் காலமானார். பதினாறு ஆண்டுகள் கழித்து, 1997-ல், மெக்டொனல் டக்ளஸையும் போயிங் வாங்கிவிட்டது. டிசி-9 வம்சத்தின் கடைசி விமானம் ‘போயிங் 717’ என்ற பெயரில்தான் விற்பனைக்கு வந்தது.

மிச்சம் இருப்பது

டக்ளஸின் வாழ்க்கையைத் தோற்ற கதை என்று சொல்லிவிட முடியாது. ஜாக் ஃபிரை கேட்டது, லிண்ட்பெர்க் அடம்பிடித்தது, ஸ்மித் கெஞ்சியது என அவருடைய பெரிய வெற்றிகள் எல்லாமே வாடிக்கையாளர் தள்ளிவிட்டதால் வந்தவை. தள்ளியபோது சந்தேகத்தோடாவது நகர்ந்தார், ஜெயித்தார். தள்ள ஆளில்லாமல் ஏற்கெனவே விற்பதை நம்பி நின்றபோது, கூட ஓடியவர் தாண்டிப் போய்விட்டார்.

கம்பெனி கைமாறினாலும் விமானம் நிற்கவில்லை. ஸ்ரீநகரில் முதல் வீரர்களை இறக்கிய டகோட்டாவின் எண் வி.பி.905. அதே எண்ணோடு, ‘பரசுராமா’ என்று பெயரிடப்பட்டு, பிரிட்டனில் புதுப்பிக்கப்பட்ட ஒரு பழைய டகோட்டா 2018-ல் இந்திய விமானப்படையில் சேர்ந்தது. பிரிட்டனிலிருந்து இந்தியா வரை அது லாரியிலோ கப்பலிலோ வரவில்லை. தன் இரண்டு இன்ஜின்களோடு பறந்தே வந்தது.